முதல் பரிசு வாங்கிய கழிப்பறை

விர்ர்ர்ர்ர்!

காதுக்குள் ஆணி இறக்கியதுபோல ஒரு விசில் சத்தம். நெடுஞ்சாலையோர ஓய்விடத்தின் சாய்தளத்தில் பாதி ஏறியிருந்த கணக்கு டீச்சர், சக்கர நாற்காலியின் இரண்டு சக்கரங்களையும் இறுக்கிப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்படியே நில்லுங்க! ஆடாதீங்க, அசையாதீங்க!" என்று கத்திக்கொண்டே காவலாளி ஓடி வந்தார். ஏதாவது கண்ணிவெடி மேல் ஏறிவிட்டோமோ என்று டீச்சர் சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"பெயின்ட்டும்மா! இப்பதான் மஞ்சள் பெயின்ட் அடிச்சு முடிச்சோம். ஈரம் காயல."

"அப்ப நான் எப்படி மேல போறது?"

காவலாளி பக்கத்திலிருந்த படிக்கட்டைக் காட்டினார். அப்புறம் நாற்காலியைப் பார்த்தார். மறுபடியும் படிக்கட்டைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு, "சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்," என்றார்.

"சாயங்காலம் வரைக்கும் என்னால தாங்காது," என்று சொல்லிவிட்டு டீச்சர் ஒரே மூச்சில் சக்கரத்தைத் தள்ளி மேலே ஏறிவிட்டாள். பின்னாலேயே வந்த தம்பி, ஈரத்தில் வழுக்கி, கைப்பிடியைத் தாவிப் பிடித்துத் தப்பித்தான்.

தம்பி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். விழப்போன அதிர்ச்சி தீருமுன்பே காவலாளியிடம், "அண்ணே, உங்களுக்கு விபத்துப் பாலிசி இருக்கா?" என்று ஆரம்பித்துவிட்டான்.

"டேய், எனக்கு அவசரம்டா!" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

அவசரம்தான். அதற்குக் காரணமும் இருந்தது. வெளியூர் கிளம்புகிற நாளில் டீச்சர் சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். நா வறண்டால் உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. வழியோரக் கழிப்பறைகளைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றில் வாசலில் படி இருக்கும். ஒன்றில் நாற்காலி நுழையாத கதவு இருக்கும். எல்லாம் ஒழுங்காக இருக்கிற ஒன்றில் துடைப்பமும் உடைந்த மேசையும் குடியிருக்கும். ஆனால் இன்றைக்கு வழிநெடுக விளம்பரப் பலகைகள். 'மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை! முதல் பரிசு பெற்றது! இதோ, அருகில்!' பக்கத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பல் தெரியச் சிரிக்கும் ஒரு பொம்மைப் படம்.

"முதல் பரிசாம்க்கா! இனிமே என்ன பயம்? தாராளமா குடி," என்று தம்பிதான் ஏற்றிவிட்டான். அவளும் நம்பி ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்தாள். அதற்கு மேல் எலுமிச்சை ஜூஸ் வேறு. அந்த நம்பிக்கை முழுவதும் இப்போது அடிவயிற்றில் வந்து உட்கார்ந்திருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் மனதை வேறு பக்கம் திருப்ப டீச்சரிடம் ஒரு வைத்தியம் உண்டு: வாய்ப்பாடு. காரிலிருந்து இறங்கும்போது பதினேழாம் வாய்ப்பாட்டில் இருந்தாள். கூடத்தைக் கடக்கும்போது பத்தொன்பதுக்கு மாறினாள்.

தம்பி ஓடிப்போய்ப் பொதுக் கழிப்பறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "வேலைக்கு ஆகாதுக்கா. உள்ள ஒரு படி. படியைத் தாண்டினா கதவு. அந்தக் கதவுல நானே ஒருக்களிச்சுதான் நுழையணும்."

"பரிசு வாங்கினது எங்கடா?"

அம்புக்குறி கட்டிடத்தின் கடைசிக்கு அழைத்துப்போனது.

தரையில் சிவப்புக் கம்பளம். இரண்டு பித்தளைத் தூண்களுக்கு நடுவே தடித்த வெல்வெட் கயிறு. கதவின் மேல் தனியாக ஒரு விளக்கு. ஒரு பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் கோப்பை. அதன் பக்கத்தில் இன்னொரு கோப்பைக்கு இடம் ஒதுக்கித் துடைத்து வைத்திருந்தார்கள். சுவரில், டை கட்டிய ஒருவர் அந்தக் கோப்பையைக் கட்டிப்பிடித்திருக்கும் போட்டோ. கதவுக்குக் காவலாக, கையில் துணியோடு துப்புரவுக்காரம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கம்மா, பார்த்துட்டுப் போங்க," என்றாள் அவள் அன்பாக. "கயிறுக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கலாம். போட்டோ எடுத்துக்கலாம்."

"பார்க்க வரலம்மா. எனக்கு உள்ள போகணும்."

"உள்ளயா?" துப்புரவுக்காரம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "இதுவரைக்கும் யாரும் போனதில்லையேம்மா! நானே மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் உள்ள போய்த் துடைக்கிறேன்."

"ஏன்?"

"கண்ணாடியில ஆவி படிஞ்சா மேனேஜர் திட்டுவாரு."

பேச்சுச் சத்தம் கேட்டு மேனேஜரே வந்துவிட்டார். போட்டோவில் இருந்த அதே டை. கழுத்தில் தொங்கிய கயிற்றில் ஒரே ஒரு சாவி. டீச்சரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வாங்க மேடம்! உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் இதைக் கட்டியிருக்கோம். எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. சாவியைக் குடுங்க."

மலர்ந்த முகம் சட்டென்று வாடியது. "அது வந்து மேடம்... இன்னிக்குப் பரிசுக் குழு வர்றாங்க. இந்த வருஷக் கோப்பைக்கு. இந்த நேரத்துல போய் நீங்க உள்ள... எப்படிச் சொல்றது? இப்ப இது பளபளன்னு இருக்குல்ல? ஏன் இருக்கு? யாரும் போகாததால இருக்கு."

"கட்டினதே போறதுக்குத்தானே சார்?"

"கட்டினது உங்க வசதிக்கு மேடம். அந்த வசதி கெட்டுப்போயிடக் கூடாதுன்னுதான் யாரையும் விடறதில்ல."

டீச்சர் முப்பது வருஷமாகப் பல வகை முட்டாள்தனங்களைத் திருத்தியிருக்கிறாள். இப்படி ஒரு விடையை எந்த மாணவனும் எழுதியதில்லை. 'ஆறு பத்தொன்பது நூற்றுப் பதினாலு' என்று மனதுக்குள் பல்லைக் கடித்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க மேடம். குழு போனதும் நிச்சயமா..."

"போன வருஷம் வந்தவங்ககிட்டயும் இதேதான் சொன்னீங்க," என்றாள் துப்புரவுக்காரம்மா. "குழு போனதும் பூட்டிட்டுக் கோப்பையோட ஊர்வலம் போயிட்டீங்க."

"நீ சும்மா இரும்மா! மேடம், அதுவரைக்கும் நம்ம கேன்டீன்ல ஜில்லுனு ஒரு ஜூஸ் சாப்பிடுறீங்களா? என் செலவு."

டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் ஜூஸ் கொதித்திருக்கும்.

"சார், கோவிச்சுக்காதீங்க," என்று தம்பி நடுவில் புகுந்தான். "இவ்வளவு அருமையான கழிப்பறைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கீங்களா? தீ, திருட்டு, வெள்ளம்..."

"வெள்ளம் இப்ப வரும்டா!" என்றாள் டீச்சர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, தரையைக் காட்டி, "சார், இந்தக் கம்பளம் புதுசா?" என்று கேட்டாள்.

"நேத்துதான் வந்தது மேடம். வெளிநாட்டுச் சரக்கு."

"நான் உட்கார்ந்திருக்கிறது அதுமேலதான். இருபத்துமூணாம் வாய்ப்பாட்டுல இருக்கேன். அது முடிஞ்சா எனக்குத் தெரிஞ்ச வாய்ப்பாடு இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். யோசிச்சுக்குங்க."

மேனேஜருக்கு வாய்ப்பாடு புரியவில்லை, கம்பளம் புரிந்தது. குனிந்து கம்பளத்தைப் பார்த்தவர், அப்போதுதான் அதன்மேல் ஓடும் இரண்டு மஞ்சள் கோடுகளையும் பார்த்தார். கண்கள் கோடுகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போயின. கம்பளம், கூடம், வாசல் என்று நாற்காலிச் சக்கரங்கள் பெயின்ட் தடத்தைக் கட்டிடம் முழுக்க இழுத்து வந்திருந்தன.

"ஐயோ!" என்று அவர் நெஞ்சைப் பிடிக்கவும், வாசலில் காவலாளி விசில் ஊதவும் சரியாக இருந்தது.

குழு வந்துவிட்டது.

குழு என்றால் இரண்டே பேர். கைத்தடி ஊன்றி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வரும் தலைவர். அவர் பின்னால், மார்க் போடும் பேனாவோடு உறுப்பினர் அம்மா. இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

"பிரமாதம்!" என்றாள் உறுப்பினர் அம்மா. "வாசல்லேர்ந்து கழிப்பறை வரைக்கும் தரையில மஞ்சள் வழிகாட்டிக் கோடு! யாரையும் வழி கேட்கவே வேண்டாம். இது யாரோட யோசனை?"

மயங்கி விழத் தயாராக இருந்த மேனேஜர் நிமிர்ந்து டையைச் சரிசெய்தார். "என் யோசனைதாங்க. ராத்திரி தூக்கம் வராம யோசிச்சது."

"இவங்க யாரு?" தலைவரின் கைத்தடி டீச்சர் பக்கம் திரும்பியது. அவர் குரலில் ஏனோ ஒரு அவசரம் இருந்தது.

"இவங்களா? இவங்க வந்து..." மேனேஜரின் நெற்றியில் வியர்வை பூத்தது. "இவங்க டெமோ சார்! செய்முறை விளக்கம்! ஒரு மாற்றுத்திறனாளி எப்படி வர்றாங்க, எப்படிக் கதவு பக்கத்துல நிக்கிறாங்க, எப்படிச் சந்தோஷமாத் திரும்பிப் போறாங்கன்னு..."

இருபத்தொன்பதாம் வாய்ப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு டீச்சர் கையை நீட்டினாள்.

"ஆமாங்க, டெமோதான். முழுசாவே பண்ணிக் காட்டிடறேன். சாவி!"

பின்வரிசையில் பேசிக்கொண்டிருக்கும் பையனை எழுப்பி நிற்கவைக்கிற குரல் அது. மேனேஜரின் கை, அவரைக் கேட்காமலேயே சாவியைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டது. துப்புரவுக்காரம்மா குஷியாக வெல்வெட் கயிற்றை அவிழ்த்தாள்.

கதவு திறந்தது. மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே நிஜமாகவே நல்ல கழிப்பறை. நாற்காலி சுற்றித் திரும்ப இடம் இருந்தது. கைப்பிடிகள் சரியான உயரத்தில் இருந்தன, ஆனால் அவற்றுக்கு வெல்வெட் உறை போட்டிருந்தார்கள். கழிப்பறைக் கோப்பையின் மூடி, கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. டீச்சர் அதைச் சரக்கென்று கிழித்தாள்.

"மேடம்!" வெளியிலிருந்து மேனேஜரின் அலறல். "பிளாஸ்டிக்கைக் கிழிக்காம...!"

கைப்பிடியைப் பற்றி, உடலைத் தூக்கி, நாற்காலியிலிருந்து இடம் மாறி உட்கார்ந்தாள் டீச்சர். அடுத்த சில நிமிடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உலகத்தின் மேல் அவளுக்கிருந்த கோபமெல்லாம் ஒவ்வொன்றாகக் கரைந்து இறங்கியது. தம்பியை மன்னித்தாள். காவலாளியை மன்னித்தாள். மேனேஜரைக்கூட முக்கால்வாசி மன்னித்தாள்.

கதவுக்கு வெளியே தம்பி தன் கடமையைச் செய்துகொண்டிருந்தான். "தலைவர் சார், உங்க காலுக்குப் பாலிசி இருக்கா?"

"இப்ப அதைப் பத்திப் பேசற நிலைமையில நான் இல்லப்பா," என்றார் தலைவர். கைத்தடி தரையில் டொக் டொக் டொக்கென்று வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தது.

டீச்சர் ஆடையைச் சரிசெய்துகொண்டு, கழுவிவிடலாமென்று பக்கத்தில் தொங்கிய சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

ஊஊஊங்... ஊஊஊங்... ஊஊஊங்!

அது தண்ணீர்க் கயிறு இல்லை, ஆபத்துக் கயிறு. கட்டியதிலிருந்து யாரும் இழுக்காததால், சேர்த்து வைத்த சத்தத்தையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டியது. வெளியே ஒரே களேபரம். காவலாளி தன் பங்குக்கு விசில் ஊத ஆரம்பித்தார். "அக்கா! அக்கா!" என்று தம்பி கதவை உடைக்கப் பார்த்தான். "தீ! தீ! முதல்ல கோப்பையைக் காப்பாத்துங்க!" என்று மேனேஜர் ஓடும் சத்தமும், துப்புரவுக்காரம்மா விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தமும் கேட்டன.

"ஒண்ணும் இல்ல! நான் நல்லாத்தான் இருக்கேன்!" என்று டீச்சர் கத்தினாள். சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினாள். சத்தம் நின்றது. பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள். குழாய் இருமியது, செருமியது, அப்புறம் தண்ணீர் ஜோராகப் பாய்ந்தது.

"அலாரம் வேலை செய்யுது. முழு மார்க்," என்றாள் உறுப்பினர் அம்மா.

"நான்தான் தினமும் சோதிச்சுப் பார்ப்பேன் மேடம்," என்றார் மேனேஜர் மூச்சிரைக்க.

டீச்சர் நாற்காலிக்கு மாறிக் கை கழுவிக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கண்ணாடியில் முகத்தையும் பார்த்து முடியைச் சரிசெய்துகொள்ளலாமென்று அவள் நிதானமாகச் சீப்பைத் தேடியபோது, கைத்தடியால் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

"அம்மா, தலைவர் பேசறேன், தயவுசெஞ்சு கொஞ்சம் சீக்கிரம் வெளிய வாங்க. போன வருஷம் இந்த ஆளு என்னையும் உள்ள விடல, அடக்கிக்கிட்டே நின்னுதான் முதல் பரிசு குடுத்தேன்!"