பாதி ஷட்டர்

வில்லிபுத்தூர் நடுக்கடைத் தெருவைப் பிடித்திருந்த வியாதிக்குப் பெயர் ராஜபாளையம். பிள்ளைக்குச் சட்டையா, ராஜபாளையம். மிக்சி ரிப்பேரா, ராஜபாளையம். ஒரு ஜாக்கெட் தைக்க வேண்டுமா, அதற்கும் பஸ் ஏறி ராஜபாளையம். திரும்பி வந்து நடுக்கடைத் தெரு டீக்கடையில் நின்றுகொண்டு, "நம்மூர்ல என்ன இருக்கு?" என்று அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொள்வதை மட்டும் உள்ளூரிலேயே வைத்துக்கொண்டார்கள்.

இதைப் பொறுக்காமல்தான் வியாபாரிகள் சங்கத் தலைவர் விஜயபாண்டி கலைத்திருவிழா நடத்தக் கிளம்பினார். பாத்திரக்கடைக்காரர். மைக் கையில் கிடைத்துவிட்டால் சாப்பாடு கூட வேண்டாம் அவருக்கு. தப்பாட்டம், கோலப்போட்டி, பலகாரக் கடைகள் எல்லாம் உண்டு. ஆனால் பெரிய விஷயம் ஓவியம். சுவர்களில் எல்லாம் கல்யாண போஸ்டரும் கட்சி விளம்பரமும் இடம் பிடித்திருந்ததால், கடைகளின் ஷட்டரில் படம் வரைவது என்று முடிவானது. சென்னையிலிருந்து கௌதம்ராஜ் என்ற ஓவியரை வரவழைத்தார்கள். பாத்திரக்கடை ஷட்டரில் மலை அணில் ஒன்று வாலை விரித்துக்கொண்டு உட்கார்ந்தது. மருந்துக்கடையில் அவர் ராஜபாளையம் நாயை வரைந்துவிட்டார். அதற்கு ஒரு அவசரக் கூட்டம் போட்டு, நாயை ஆடாக மாற்ற வைத்தார்கள்.

மாரிச்செல்வியின் தையல் கடை ஷட்டரில் மாரிச்செல்வியையே வரைந்தார். மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்கும் மாரிச்செல்வி. அச்சு அசலாக அவளேதான். அந்தச் சிரிப்பு மட்டும் அவளுடையது இல்லை. கடை திறந்த நாளிலிருந்து சிரிக்கும்படி அவளுக்கு எதுவும் நடக்கவில்லை.

மில் வேலையை விட்டுவிட்டு வந்து கடை போட்டவள் அவள். பஞ்சுத் தூசியில் இருமி இருமி, போதுமடா சாமி என்று வந்தவள். கை நல்ல கை. ஆனால் துணி வர வேண்டுமே. பொங்கல் வரைக்கும் பார்ப்பது, கடை நிமிராவிட்டால் மறுபடி மில்லுக்கே போவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். அதை நினைத்தாலே அவளுக்கு இருமல் வந்தது.

திருவிழாவைத் தொடங்கி வைத்து, பொன்னாடை போர்த்தி, எல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஷட்டரில் உள்ள படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கடை மூடியிருக்க வேண்டும்.

வேறு ஊராக இருந்தால் இதற்கு ஒரு வழி யோசித்திருப்பார்கள். நம் ஆட்கள் தீர்மானம் போட்டார்கள். திருவிழா முடியும்வரை எந்தக் கடையும் ஷட்டரைத் தூக்கக் கூடாது. யாராவது மனம் மாறிவிடுவார்களோ என்று சங்கமே எல்லா ஷட்டருக்கும் பூட்டுப் போட்டது. சாவிக்கொத்து ஓவியர் இடுப்பில் தொங்கியது.

கூட்டம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, அப்படி ஒரு கூட்டம். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகள், கூமாப்பட்டியிலிருந்து குடும்பம் குடும்பமாக, ஏன், ராஜபாளையத்திலிருந்தே ஆட்கள். அணிலோடு செல்ஃபி எடுத்தார்கள், ஆட்டோடு எடுத்தார்கள், ஷட்டர் இல்லாத டீக்கடையில் டீ குடித்தார்கள். பிறகு பாத்திரம் வாங்க ராஜபாளையம் போனார்கள். விஜயபாண்டி தன் பூட்டிய கடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "பாத்தீகளா, தெருவுக்கு உசிரு வந்துருச்சு!" என்று பூரித்துப்போனார்.

மாரிச்செல்வி தன் கடை முன்னால் போய் நின்றால், "அக்கா, கொஞ்சம் தள்ளுங்க, படத்த மறைக்கீக" என்றார்கள்.

உள்ளே சோழபுரம் ஜெயசித்ராவின் மகளுக்கான கல்யாண ஜாக்கெட் இருந்தது. அவள் கடைக்கு வந்த முதல் கல்யாண ஆர்டர். வெட்டிய பட்டுத்துணி மேஜை மேல் கிடக்கிறது, நாளை மறுநாள் முகூர்த்தம். இதைச் சரியாகக் கொடுத்தால் அந்தக் கல்யாணத்துக்கு வரும் பெண்களில் நாலு பேராவது கடையைக் கேட்டு வருவார்கள். கொடுக்காவிட்டால் சோழபுரமே அவள் பெயரைச் சொல்லிச் சிரிக்கும். அப்புறம் மில்தான்.

நேரே ஓவியரிடம் போனாள்.

"தம்பி, செத்த நேரம் தொறந்து விடுங்க. கல்யாண ஜாக்கெட்டு உள்ள கெடக்கு."

கௌதம்ராஜ் தாடியைத் தடவினார். "முழுசாத் தூக்கினா படமே போயிடும்மா. பாதி தூக்கிக்குங்க. கையும் மெஷினும் தெரியும். அதுவும் ஒரு அழகுதான்."

அவர் சென்னைக்காரர். பட்டப்பகலில் பாதி ஷட்டர் என்றால் இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. யாராவது செத்து, துஷ்டி விழுந்தால்தான் இங்கே கடையைப் பாதி இறக்குவார்கள். மாரிச்செல்விக்கு அது தெரியும். ஆனால் அவள் மனசு முழுக்கப் பட்டுத்துணியில் இருந்தது. பூட்டைத் திறந்துவிட்டு ஓவியர் சாப்பிடப் போய்விட்டார். இவள் குனிந்து உள்ளே நுழைந்தாள்.

ஷட்டரைத் தூக்கினால் முதலில் மேல்பக்கம்தானே சுருண்டு போகும்? படத்தில் மாரிச்செல்வியின் தலை போய்விட்டது. கழுத்துக்குக் கீழே உள்ளவள் மட்டும் தெருவில் தொங்கினாள்.

தலையும் இல்லை, கடையும் பாதி. தெருவுக்கு வேறென்ன வேண்டும்? பழக்கடையில் "என்னவாம்?" என்றார்கள். மருந்துக்கடைக்காரர், "முந்தாநாளுகூட இருமிக்கிட்டே போச்சே" என்றார். டீக்கடைக்குச் செய்தி வந்து சேரும்போது நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி, வழியிலேயே உயிர் போனது எல்லாம் தயாராகிவிட்டது.

மற்ற கடைகளும் மரியாதை செய்ய வேண்டாமா? அங்கேதான் சிக்கல். வழக்கமாகத் திறந்த கடையைப் பாதி இறக்குவார்கள். இங்கே எல்லாம் முழுசாக இறங்கிக் கிடந்தன. ஆகவே, துக்கத்துக்காகக் கடைகளைப் பாதி திறப்பது என்று சங்கம் முடிவு செய்தது. ஓவியரைச் சாப்பாட்டு இலையிலிருந்து எழுப்பிச் சாவியை வாங்கினார்கள். எதற்கென்று அவரிடம் சொல்ல யாருக்கும் நேரமில்லை. அணிலுக்கு வால் மட்டும் மிஞ்சியது. ஆட்டுக்குக் கால்கள்.

மாரிச்செல்வியின் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவில் மதுரை போயிருந்தார். அவருக்குப் பக்குவமாகச் செய்தி சொல்ல ஒரு துணைக்குழு போட்டார்கள். அதற்கு யார் தலைவர் என்பதில் சண்டை.

மாரிச்செல்வி உள்ளே மெஷின் வேலையை முடித்துவிட்டு, வெட்டு மேஜைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து ஹெம்மிங் செய்துகொண்டிருந்தாள். யாரும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாதென்று செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். வெளியே பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த ரேடியோ செட் திடீரென்று நின்றது. பிறகு விஜயபாண்டியின் குரல் கேட்டது.

"நம்மை ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டுச் சென்ற தையற்கலைஞர் சகோதரி மாரிச்செல்வி அவர்களுக்கு..."

ஊசி விரலில் குத்தியது.

ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஃபிளக்ஸ் கடை ஹபீப் ரகுமான் அதற்குள் கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொண்டுவந்து கட்டிக்கொண்டிருந்தார். படம் வேண்டுமே என்று காலையில் யாரோ எடுத்த செல்ஃபியிலிருந்து ஷட்டர் மாரிச்செல்வியை வெட்டிப் போட்டிருந்தார். அதே சிரிப்பு.

அடப் பாவிகளா என்று எழுந்தவள், அடுத்த வார்த்தையைக் கேட்டு நின்றுவிட்டாள்.

"அந்தம்மா கை பட்டா துணி பேசும். என் வீட்டுக்காரிக்கு எல்லா ஜாக்கெட்டும் அந்தம்மாதான். சொன்ன நாளுக்குத் தப்பினதே இல்ல!"

அடுத்து மருந்துக்கடைக்காரர் மைக்கை வாங்கி, ராஜபாளையத்தில் தேடினாலும் இப்படி ஒரு தையல் கிடைக்காது என்றார். பழக்கடைக்காரர் பேச முடியாமல் தேம்பினார். இவர்கள் வீட்டிலிருந்து ஒரு கர்ச்சீப் கூட அவளிடம் தைக்க வந்ததில்லை. பொய் என்று தெரியும். தெரிந்தும் மாரிச்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. மில்லில் இத்தனை வருஷம் உழைத்தும், இங்கே இத்தனை மாதம் உட்கார்ந்தும், அவள் வேலையை யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று உட்கார்ந்தே விட்டாள்.

அப்போதுதான் சேதி கேட்டுச் சோழபுரத்திலிருந்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஜெயசித்ரா இறங்கும்போதே மார்பில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, எம்மவ கல்யாண ஜாக்கெட்டு!"

தடுத்தவர்களைத் தள்ளிவிட்டு, ஷட்டருக்கு அடியில் தவழ்ந்து உள்ளே வந்தாள். வந்தவள் மூக்குக்கு நேரே மாரிச்செல்வியின் முகம்.

"ஏட்டி! நீ சாகலையா?"

"இல்ல மதினி. கொக்கி ரெண்டு பாக்கி இருக்கு."

ஜெயசித்ரா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு ஜாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தாள். கையைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள். "ரொம்ப நல்லா வந்துருக்கு. அவிய பேசட்டும், நீ கொக்கியக் கட்டு."

கட்டி முடித்தாள். ஜாக்கெட்டை மடித்து ஜெயசித்ரா கையில் கொடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் ஷட்டரை ஓங்கித் தள்ளினாள். கடகடவென்று அது முழுசாக மேலே போனது.

விஜயபாண்டி ஒரு கையில் மைக், ஒரு கையில் மாலையோடு நின்றார். சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று அவருக்கு விளங்கவில்லை. மாலையை யாருக்குப் போடுவது என்றும் விளங்கவில்லை. மாரிச்செல்வி மைக்கை வாங்கினாள்.

"அண்ணாச்சி, உங்க வீட்டு அக்காவுக்கு நான் தச்ச ஜாக்கெட்டு என்ன கலரு?"

"அது... பச்சை."

கூட்டத்தில் நின்ற அவர் மனைவி ஞானபாக்கியம் சத்தமாகவே சொன்னாள்: "நான் ராஜபாளையத்துலல்லா தைக்கேன்?"

தெரு சிரித்தது. மாரிச்செல்வி சிரிக்கவில்லை.

"செத்துட்டேன்னதும் எம்புட்டுப் பேசுனீக! உசிரோட இருக்கையில சேலைக்கு ஒரு பால்ஸ் அடிக்கக்கூட இந்தத் தெருவுல ஒருத்தரும் வரலியே. நாளைக்கு நான் மில்லுக்குத் திரும்பிப் போனா, அதுக்கும் ஃபிளக்ஸ் கட்டுவீகளா?" மைக்கை விஜயபாண்டி கையில் திணித்தாள்.

ஜெயசித்ரா கல்யாண ஜாக்கெட்டை எல்லோருக்கும் தெரியும்படி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஞானபாக்கியம் அதைக் கிட்டே வந்து தடவிப் பார்த்தாள். புருஷனை ஒரு முறை முறைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் ஏறி, இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"அளவு எடுட்டி."

மாரிச்செல்வி டேப்பை எடுத்தாள். ஞானபாக்கியத்துக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர் மனைவி ஏறினாள். அவளுக்குப் பின்னால் யாரென்றே தெரியாத ஒருத்தி, அதற்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர். கடைக்குள் நிற்க இடம் இல்லாமல் போனது.

விஜயபாண்டி வாசலில் தயங்கித் தயங்கி நின்றார். "அம்மா மாரிச்செல்வி... தப்பா நினைக்காத. படம் பாக்க ஆளுக நிக்கிது. ஷட்டர எப்ப எறக்குவ?"

மாரிச்செல்வி டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"நான் செத்த பொறவு, அண்ணாச்சி."