டேல் வாண்டர்மார்க்கின் கார் நின்ற விதம்

டேல் வாண்டர்மார்க்கின் கார் ஆறு வருடங்களாக நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிச் சாலைச் சரிவில் இறங்கும்போது பிரேக் பெடல் தரையோடு தரையாகப் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தச் சிவப்பு இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் சைக்கிள் வேகத்தில் ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் இன்ஜினை அணைத்துப் பார்த்தார். கொஞ்ச நாளில் பெட்ரோலும் தீர்ந்தது. கார் எதையும் பொருட்படுத்தவில்லை. நியூயார்க் மாநிலத்தின் வடக்கே இருக்கும் எங்கள் மார்லோ ஃபால்ஸில் இப்படிப்பட்ட பழைய கார்கள் நிறைய உண்டு. பழைய கார் என்றால் ஏதாவது ஒரு கோளாறு இருக்கத்தானே செய்யும் என்று ஊர் விட்டுவிட்டது. முடிதிருத்துபவர் பக்கத்து இருக்கையில் ஒரு சுற்று வந்து வேலையை முடித்துவிட்டு இறங்கிக்கொள்வார். பனிக்காலத்தில் நகராட்சி வண்டி டேலுக்கு முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டே போகும்.

குதித்திருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். குதித்திருக்கலாம்தான். ஆளில்லாத கார் எதிலாவது மோதி நசுங்கிவிடும் என்று டேல் இறங்க மறுத்துவிட்டார். அவர் மனைவி ராபர்ட்டா தினமும் வாசலில் நின்று, கார் கடக்கும்போது சாண்ட்விச்சை நீட்டுவார். பிறகு உள்ளே போய்த் தனியாகச் சாப்பிடுவார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கோபம் உண்டு. கடைசியில் ஓர் ஆகஸ்ட் மாதம் ராபர்ட்டா காரோடு கூடவே ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"செப்டம்பர்ல லேபர் டே லீவு முடிஞ்சதும் பஃபலோவுக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன் டேல். ஏதாவது சொல்லணும்னா நின்னு சொல்லு."

டேல் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தார். கராஜ் வைத்திருக்கும் நண்பர் ஓட்டோ பிரூஹாவை வரவழைத்தார். டிரம் பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு டிஸ்க் பிரேக் போட வேண்டும், அது பொருந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஹப்பையும் மாற்ற வேண்டும் என்றார் ஓட்டோ. நாலு போல்ட் வைத்த ஹப் எந்தப் பக்கத்துக்கும் பொருந்தும், சீக்கிரம் வேலை முடியும் என்று யோசனையும் சொன்னார். டேலுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நாலு போல்ட்டா? இது என்ன மளிகை வாங்கப் போற வண்டியாடா? கம்பிச் சக்கரம், நடுவுல ஒரே நட்டு. அதுதான் வேணும்."

"பொண்டாட்டி பொட்டி கட்டிட்டா. உனக்குச் சக்கரத்தோட அழகு கேக்குது" என்றார் ஓட்டோ. ஆனால் அவரும் அதே குட்டையில் ஊறிய மட்டைதான். மறுவாரமே ஒற்றை நட்டு ஹப்புகளோடு வந்து நின்றார். இந்த ஹப்புகளில் இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிராகச் சுற்றும், ஓட ஓட நட்டு இறுகும். பக்கம் மாறிப்போனால் ஓட ஓடக் கழலும். ஒரு பிக்கப் வண்டி காரை ஒட்டியே ஓடியது. அதன் பின்பலகையில் ஓட்டோ பின்னோக்கிப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றினார். கார் மீதி மூன்று சக்கரங்களில் சாயாமல் போய்க்கொண்டிருந்தது. பின்னோக்கிப் படுத்தவருக்கு இடம் வலமாகி, ஹப்புகள் பக்கம் மாறி ஏறிவிட்டன.

லேபர் டேக்கு மறுநாள் காலை ராபர்ட்டா பெட்டியோடு வாசல் வராந்தாவில் நின்றார். டேல் வீட்டெதிரே வந்து பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. நியாயப்படி சக்கரங்கள் கழன்று ஓடியிருக்க வேண்டும். அவை அசையவில்லை, வீடு கழன்றது. அஸ்திவாரத்தை விட்டு இறங்கி, ராபர்ட்டாவோடும் பெட்டியோடும் அதே சைக்கிள் வேகத்தில் ஏரிச் சாலையில் போயிற்று. ஆறு வருட ஓட்டம் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும், மரை மாறியதால் வெளியே போய்விட்டது என்று ஓட்டோ தலையைச் சொறிந்தார்.

வீடு ஒரு சுற்று முடித்துத் திரும்பி வந்தபோது கார் அதன் வழியை மறித்து நடுச்சாலையில் நின்றது. டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை. ஓட்டோ பின்னால் நின்று தள்ள ஆரம்பித்தார். டேலையும் கை கொடுக்கக் கூப்பிட்டார். டேல் கார்மேல் கையை வைத்தார். வராந்தாவைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, ஆறு வருடம் மடங்கியிருந்த கால்களால் தட்டுத்தடுமாறி ஓடி வராந்தாப் படியில் தொற்றினார். ஓட்டோ ஒதுங்கிக்கொண்டார். வீடு காரின்மேல் ஏறிப் போன சத்தம் மாதா கோவில் வரை கேட்டது. டேல் திரும்பிப் பார்க்கவில்லை.

ராபர்ட்டா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"காலைத் தொடைச்சிட்டு உள்ள வா" என்றார்.

வீடு இன்னும் சுற்றுகிறது. தபால்காரர் கூடவே நாலு எட்டு நடந்து கடிதங்களைக் கொடுத்துவிட்டுப் போகிறார். சாப்பாட்டு நேரத்தில் சன்னலில் இரண்டு தலைகள் தெரியும்.