பிடரிச் சுழி

பயிற்சிப் பொம்மையின் தலையில் சுழி கிடையாது, கண்ணுகளா. எப்படிச் சீவினாலும் சொன்ன பேச்சைக் கேட்கும். ஈரத்தில் எங்கே வெட்டினோமோ, காய்ந்த பின்னும் முடி அங்கேயே கிடக்கும். மனிதத் தலை அப்படியா? தலைக்குத் தலை ஒரு பிடிவாதம்.

இந்தக் கதையில் வரும் அண்ணி, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு முடிவெட்டும் படிப்பில் சேர்ந்தவள். அவளை அண்ணி என்று கூப்பிடுவது வீட்டில் ஒருத்திதான், புருஷனின் தங்கை. அந்தத் தங்கைக்கு ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. வாய் கொஞ்சம் காரம். அதனால் வீட்டில் வைத்த பெயர் மிளகாய்.

அந்த மிளகாய்தான் ஒருநாள் தானாகவே வந்து சமையலறை முக்காலியில் உட்கார்ந்தாள். "பொம்மையவே வெட்டிட்டு இருந்தா எப்ப அண்ணி கத்துக்கறது? இந்தாங்க, உயிருள்ள தலை."

அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. முடியை நனைத்தாள். சீப்பின் நெருக்கப் பல்லால் விறைக்க இழுத்துப் பிடித்து, பிடரியை ஒட்டி அளவுகோல் வைத்த மாதிரி நேராக வெட்டினாள். ஈரத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

பிறகு அது காய்ந்தது.

மிளகாயின் பிடரியில் இடப்பக்கம் ஒரு சுழி. நீள முடியின் கனத்தில் அதுவரை படுத்துக் கிடந்தது, கனம் போனதும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே மட்டும் முடி மேலேறி, கடை வாசலில் தூக்கிக் கட்டிய படுதாவைப் போல நின்றது. வெயில் கொளுத்திய நாளெல்லாம் மிளகாய் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

"நோயாளிங்க என்னையப் பார்த்து, உங்களுக்கு என்னம்மா வியாதின்னு கேக்கறாங்க. இனிமே உங்க கத்தரிக்கும் என் தலைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது அண்ணி."

சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "தப்பு கத்தரில இல்லம்மா, சீப்புல. சுழி இருக்கற இடத்துல முடிய இழுக்கக் கூடாது. அகலப் பல்லால சும்மா படிய வச்சு, அங்க மட்டும் கொஞ்சம் நீளமா விடு. காஞ்சா தானா ஏறிக்கும்."

புரிந்தது. ஆனால் செய்து பார்க்கச் சுழியுள்ள தலை யார் கொடுப்பார்கள்?

சில மாதங்களில் செய்முறைத் தேர்வு வந்தது. தேறினால் தெருமுனை அழகுநிலையத்தில் ஒரு நாற்காலி அண்ணிக்காகக் காத்திருந்தது. தவறினால் அடுத்த வாரமே அது வேறொருத்திக்கு. தேர்வுக்குத் தலையை நாமே கூட்டிவர வேண்டும். வருகிறேன் என்றிருந்த தையற்காரம்மா அன்று காலையில் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அண்ணி பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் திகைத்து நின்றாள்.

மிளகாய் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னே நடந்தாள். முடி அதற்குள் தோளைத் தொட்டிருந்தது.

"நீ எங்க?"

"நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு? வாங்க. ஆனா ஒண்ணு, இந்தத் தடவையும் முடி படுதா மாதிரி தூக்குச்சுன்னா, நான் வீட்டை விட்டுப் போகமாட்டேன், நீங்கதான் வெளிய போகணும்."

தேர்வு அறையில் வரிசையாக நாற்காலிகள், முன்னும் பின்னும் கண்ணாடிகள். தலை கொடுக்க வந்தவர்கள் பேசக் கூடாது என்பது விதி. மிளகாய்க்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா? உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அண்ணி நடுவகிடு எடுத்தாள். காதுக்குக் காது இன்னொரு வகிடு. நாலு பாகம், நாலு கிளிப். பிடரியில் மெல்லிய ஓர் அடுக்கை மட்டும் கீழே இறக்கினாள். இந்த முதல் அடுக்குக்குப் பெயர் கைடு. மேலே வரும் அடுக்குகள் எல்லாம் இதைப் பார்த்துத்தான் வெட்டப்படும். இது கோணினால் எல்லாமே கோணும்.

கை பழக்கத்தில் நெருக்கப் பல்லைத் திருப்பியது. பாதியில் நிறுத்தி, சீப்பை மறுபக்கம் திருப்பிப் பிடித்தாள். அகலப் பல்லால் முடியை அதன் போக்கில் படிய விட்டாள். வலப்பக்கம் நேராக வெட்டிக்கொண்டு வந்தவள், சுழிக்கு வந்ததும் கத்தரியைக் கொஞ்சம் இறக்கினாள்.

ஈரத்தில் அது எப்படி இருந்தது தெரியுமா? கோணலென்றால் கோணல், அப்பட்டமான கோணல். பக்கத்து நாற்காலிக்காரி பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். பின்கண்ணாடியின் பிம்பத்தை மிளகாயும் பார்த்துவிட்டாள். போர்வைத் துணிக்கு அடியிலிருந்து அவள் கை வந்து அண்ணியின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளியது.

தேர்வாளர் அம்மாள் அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்?

"கோடு இறங்கியிருக்கே. கவனிக்கலையா?"

"கவனிச்சேன் மேடம். அங்க சுழி இருக்கு. இந்த ஒரு அடுக்கை மட்டும் காய வச்சுப் பார்த்துட்டு மேல போகலாமா?"

"போகலாம். உங்க நேரந்தான் குறையும். ஏறலைன்னா திரும்ப நனைச்சு வெட்ட நேரம் இருக்காது."

அம்மாள் நகராமல் அங்கேயே நின்றாள்.

அண்ணி உலர்த்தியை எடுத்தாள். வலப்பக்கம் காய்ந்தது, நேராக நின்றது. இடப்பக்கம் காய்ந்தும் அசையவில்லை. வேர் இன்னும் ஈரம் என்பது விரலை விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காற்றை வேரில் காட்டினாள். சோம்பல் முறிக்கிற பூனை போல முடி மெதுவாக நெளிந்தது, ஏறியது, வலப்பக்கத்துக் கோட்டோடு வந்து சேர்ந்தது. இரண்டு மூன்று இழை மட்டும் துருத்திக்கொண்டு நின்றன. கத்தரி நுனியால் அவற்றைக் கொத்திவிட்டாள்.

தேர்வாளர் அம்மாள் ஒரு விரலால் சுழியை மேலே தள்ளி, விட்டுப் பார்த்தாள். அது திரும்பவும் தன் இடத்தில் வந்து படுத்தது. "மேல போங்க" என்று அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள்.

அதற்குப் பிறகு அண்ணியின் கை நிற்கவில்லை. கடைசி அடுக்கு இறங்கி அவள் துணியை உதறும்போது மணி அடித்தது. அன்று மாலையே சுவரில் ஒட்டிய தேறியவர் பட்டியலில் அவள் எண் இருந்தது.

ஆனால் அதற்கு முன்பே, தேர்வு அறையை விட்டு வெளியே வந்ததும், மிளகாய் மடை திறந்த மாதிரி தொடங்கிவிட்டாள். "வாயைக் கட்டி உட்கார வச்சிட்டீங்களே அண்ணி, எனக்குக் காதெல்லாம் அடைச்சுப் போச்சு. கிள்ளினது வலிச்சுதா? வலிக்கட்டும். கண்ணாடி இருக்கா?"

அண்ணி கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்தாள். ஜன்னலில் தெரிந்த பிம்பத்தில் மிளகாய் பிடரியைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"சுழி எங்க போச்சு?"

"எங்கயும் போகல, அங்கதான் இருக்கு. இழுத்துப் பிடிக்காம அது போக்குல விட்டேன், அவ்வளவுதான்."

மிளகாய் பிடரியிலிருந்து கையை எடுத்துவிட்டு அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"ஓ, எங்கண்ணனையும் இப்படித்தான் சமாளிக்கறீங்களா?"