காப்புக் கட்டிய கையும் கட்டிங் மிஷினும்

மாரியம்மன் விழாவின் எட்டாம் நாள் மதியம் மூன்று மணிக்கு, சப்பரக் கொட்டகையின் பூட்டைத் தானே அறுத்துத் தருவதாகத் தீர்த்தகிரி ஊர் முன்னால் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், "அஞ்சு நிமிச வேலை" என்று வேட்டியை மடித்தும் கட்டினார்.

விஷயம் இதுதான். கொட்டகைச் சாவி ஊர்ப் பெரியவர் மாரப்பனிடம் இருந்தது. அன்று காலை மருமகளுக்கு வலி கண்டுவிட்டதென்று அவர் பெங்களூருக்குக் கார் ஏறியபோது, சாவியும் சட்டைப்பையிலேயே ஏறிவிட்டது. போனில் பிடித்தால் ஆண் குழந்தை என்கிறார், மூன்று கிலோ என்கிறார், சாவியைப் பற்றி அப்புறம்தான் நினைவு வருகிறது. ஐந்து மணிக்கு அம்மன் சப்பரம் ஏறவேண்டும். சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள். சுத்தியலின் பிடிதான் கழன்றது. எந்தத் திருடனாலும் உடைக்க முடியாத பூட்டு என்று மாரப்பன் போன வருஷம் பீற்றிக்கொண்டது பொய்யில்லை என்று தெரிந்தது.

கடத்தூர்ப் பக்கத்து அந்தக் கிராமத்தில், கையில் பிடித்து இரும்பறுக்கிற கட்டிங் மிஷின் தீர்த்தகிரியிடம்தான் இருந்தது. மாந்தோப்பு வேலிக்குக் குழாய் அறுக்க வாங்கியது. வாங்கிய முதல் நாளே பொறி பறந்து அவருடைய லுங்கியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அன்றிலிருந்து எதிர்வீட்டு ராணியம்மாள் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "லுங்கி சௌக்கியங்களா?" என்று விசாரிக்கிறாள். ஊர் பார்க்க அந்தப் பூட்டை அறுத்துப் போட்டுவிட்டால் இந்த விசாரிப்பு ஒழியும். தீர்த்தகிரிக்கு அந்த நேரத்தில் அம்மன்கூட இரண்டாம்பட்சம்தான்.

மிஷினை எடுக்க வீட்டுக்குப் போனார். மனைவி சுகுணா மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். காரிமங்கலத்தில் கேட், கிரில் செய்கிற பட்டறையில் நான்கு வருஷமாக இரும்பறுக்கும் வேலை பார்ப்பவள், விழாவுக்காக லீவு. அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள். கேட்டுக்கொண்டே அவருடைய வலது மணிக்கட்டைப் பார்த்தாள். அங்கே மஞ்சள் தோய்த்த நூல் மூன்று சுற்று சுற்றி, நடுவில் விரலி மஞ்சள் கோத்து, முடிச்சின் இரண்டு வாலும் தொங்கின.

"இந்தக் காப்போட மிஷினத் தொடப் போறீங்களா?"

அவர் சாமி கயிறுதானே என்றார். அவள் உலக்கையைச் சாத்தி வைத்துவிட்டுப் பட்டறைக் கதையைச் சொன்னாள். அங்கே ஒருவருடைய சட்டைக்கையில் பிரிந்திருந்த ஒற்றை நூல்தான் மிஷினின் சுழலும் வட்டில் மாட்டியது. நூலின் பின்னால் சட்டை போனது, சட்டையின் பின்னால் கை போனது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏழு தையல். ஒரு நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற வட்டுக்குச் சாமி கயிறும் ஒன்றுதான், சாக்குக் கயிறும் ஒன்றுதான்.

தீர்த்தகிரி மூன்று வழிகள் சொன்னார். நூலை உள்ளே செருகிக்கொள்வது, டேப் ஒட்டுவது, இடது கையால் அறுப்பது. மூன்றுக்கும் சுகுணா தலையை ஆட்டினாள், பக்கவாட்டில்.

வேறு வழியில்லாமல் பூசாரி கருப்பண்ணனிடம் ஓடினார். பத்து நிமிஷம் காப்பை அவிழ்த்துக் கட்டலாமா என்று கேட்டார். பூசாரி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றி யோசித்தார்.

"அவுக்கலாம் தீர்த்தகிரி. அவுத்தா மொத நாள்ல இருந்து விழாவத் திரும்பத் தொடங்கோணும். உனக்குச் சம்மதம்னா ஊர்ல கேக்கறன்."

ஊரில் வேறு யாருக்கு மிஷின் பிடிக்கத் தெரியும் என்று தேடினார்கள். வெல்டிங் வேலை பார்க்கிற அன்பு முன்னால் வந்தான். வந்தவன் சட்டைக்கையை ஏற்றிக் காட்டினான். அவன் கையிலும் மஞ்சள் நூல். வீட்டுக்கு ஒருவர் காப்புக் கட்டுவது அந்த ஊர் வழக்கம், எந்த வீட்டிலும் அது ஆண்பிள்ளையாகவே அமைந்துவிட்டது. கூட்டத்தில் நின்றிருந்த ராணியம்மாள்தான் அதைக் கவனித்தாள்.

"சுகுணா கை சும்மாத்தான இருக்குது?"

மணி மூன்றே முக்கால். தீர்த்தகிரி அவளைக் கூப்பிட வீட்டுக்கு நடந்தார்.

சுகுணா வந்த கோலத்தைப் பார்த்து ஊர் வாயைப் பொத்திக்கொண்டது. பட்டறைக்குப் போகும் பேண்ட், மணிக்கட்டு வரை பித்தான் போட்ட சட்டை, கண்ணுக்கு அகலக் கண்ணாடி, காலில் ஷூ. தலையில் பூ இல்லை, வளையல் இல்லை, தாலிச் செயின் சட்டைக்குள் போய்விட்டது. மிஷினைக் கையில் வாங்கியதும் முதல் கேள்வி கணவனுக்கு: வட்டுக்கு மேலே இருக்கவேண்டிய தகட்டு மூடி எங்கே? பார்வையை மறைக்கிறதென்று கழற்றிப் பரணில் போட்டதாக அவர் மெதுவாகச் சொன்னார். பரணில் ஏறித் தேடி எடுத்து வந்ததும் அவர்தான்.

அத்தோடு விடவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைப் பொருத்தினாள். வட்டைத் திருப்பிப் பார்த்து, அதில் அச்சடித்திருந்த தேதி முடிந்து ஒரு வருஷமாகிவிட்டதென்று தூக்கி எறிந்தாள். அன்பு தன் பையிலிருந்து புது வட்டு கொடுத்தான். பிறகு கொட்டகைச் சுவரோரம் பார்த்தாள். அங்கே வாணவேடிக்கைப் பெட்டிகள் ஐந்து வரிசையாக அடுக்கியிருந்தன. பொறி பறக்கப் போகிற இடத்தில் வெடி அடுக்கிய புத்திசாலி யார் என்று கேட்டாள். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் ஆறு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். பந்தலின் தென்னங்கீற்றுத் தட்டியை ஈரச்சாக்கால் மூடினார்கள். பூட்டறுக்கக் கூப்பிட்டால் கல்யாண வேலை பார்க்கிறாள் என்று பின்னால் யாரோ முனகினார்கள்.

கடைசியில் தீர்த்தகிரியைச் சுவிட்சுப் பெட்டியருகே நிறுத்தினாள்.

"பூட்டப் பாக்காதீங்க, என்னையும் பாக்காதீங்க. சத்தத்த மட்டும் கேளுங்க. சத்தம் மாறுனா உடனே நிறுத்தோணும்."

ஒப்புக்கு ஒரு வேலை என்றுதான் அவர் நினைத்தார். ராணியம்மாள் வேறு பக்கத்திலேயே நின்றாள்.

மிஷின் ஒரு நிமிஷம் சும்மா சுற்றியது. பிறகு வட்டு பூட்டின் வளையத்தைத் தொட்டது. பொறி விசிறிபோல் சுவர்ப்பக்கமாகப் பாய்ந்தது. வளையத்தின் ஒரு கால் அறுந்தது. கூட்டம் நகர்ந்து நெருங்கியது. இரண்டாவது காலில் பாதி போயிருக்கும், பூட்டு தன் கனத்துக்குச் சாய்ந்து வெட்டு வாயை மூடி வட்டைக் கவ்வியது.

மற்றவர்கள் காதுக்கு அது அதே இரைச்சல்தான். தீர்த்தகிரி இருபது வருஷமாகப் படுக்கையிலிருந்தே தோட்டத்துப் போர்வெல் மோட்டார் தண்ணீர் இழுக்கிறதா, காற்று இழுக்கிறதா என்று சொல்லுகிறவர். சத்தம் ஒரு நூல் தாழ்ந்ததுமே அவருடைய விரல் சுவிட்சைத் தட்டிவிட்டது. மிஷின் சுகுணாவின் இரண்டு கைக்குள்ளும் ஒருமுறை உதறி அடங்கியது. அவள் ஓரடி பின்வாங்கி நின்றாள்.

ஓடிப்போய் மிஷினைப் பிடிக்கவேண்டும் என்று அவருடைய கால்கள் துடித்தன. போகவில்லை. பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

அன்பு பூட்டைக் கம்பியால் இழுத்துக் கட்டி அசையாமல் நிறுத்தினான். சுகுணா வட்டைத் திருப்பிப் பார்த்தாள், விரிசல் இல்லை. அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் பிளக்கைச் செருகினார். இரண்டு நிமிஷத்தில் பூட்டு கீழே விழுந்தது. பம்பை மேளம் முழங்கியது, ஆட்கள் சப்பரத்தை இழுக்க உள்ளே பாய்ந்தார்கள், மணி நாலு ஐம்பது.

ராணியம்மாள் வாயைத் திறந்தாள். தீர்த்தகிரி அந்த லுங்கி விசாரிப்பை எதிர்பார்த்து நின்றார்.

"எப்புடிங்க கண்டுபுடிச்சீங்க? எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்களே."

தீர்த்தகிரி வயரை முழங்கையில் சுருட்ட ஆரம்பித்தார். பதில் சொல்ல அவசரமில்லை. இன்னும் இரண்டு பேர் வந்து நிற்கட்டும் என்று நிதானமாகச் சுருட்டினார்.