திருடனுக்குப் பூசிய நிறம்

“நான் மீசைய சொல்லல குமுதா, நிறத்த…”

“மீசை இல்லாட்டி பிள்ளைங்களுக்கு எப்படிக்கா திருடன்னு தெரியும்?”

“சைக்கிள தூக்கிட்டு ஓடுறான்ல. போதாதா?”

குவீன் ஸ்ட்ரீட்டில், வாசுவின் அச்சகத்து மாடி. சிறுவர் படப் புத்தகம் ஒன்று. கதை எழுதியவள் லோகேஸ்வரி. படம் வரைந்தவள் குமுதா. ஆறு மணிக்குள் படங்கள் கீழே போகாவிட்டால் வாசு கடையை அடைத்துவிடுவார். பிறகு பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தீபாவளி கழிந்துதான் புத்தகம்.

“கையக் கொடு.”

“எதுக்கு?”

“கொடு லா.”

குமுதாவின் முன்கையைத் திருடனின் முகத்தருகே வைத்தாள் லோகேஸ்வரி. இரண்டும் ஒரே நிறம். பிறகு, சைக்கிளைப் பறிகொடுத்த சிறுமியின் கன்னத்துக்கு நகர்த்தினாள். அங்கே அது வேறு ஊர்க் கைபோல் இருந்தது.

“இவளுக்கு எந்த பெயிண்ட் டியூப்?”

“தோல் கலர்.” சொன்ன பிறகுதான் அது குமுதாவின் காதிலேயே விழுந்தது. சற்று நேரம் தன் கையைப் பார்த்தாள். “சரிக்கா. பாப்பாவுக்கு என் நிறம். திருடனுக்கு ஹெல்மெட். டத்தோ கிராமாட் ரோட்டுல என் பையப் பறிச்சவனும் ஹெல்மெட்தான் போட்டிருந்தான், மூஞ்சிய நானே பாக்கல.”

“அவ்ளோதான். அரை மணி வேலை.”

“இருங்க. இப்ப உங்க முறை. இந்த அம்மா மூணாம் பக்கத்துல கரண்டியோட நிக்கிறாங்க. ஏழாம் பக்கத்துல பாப்பா அழுதுட்டு வருது, அப்பவும் கரண்டியக் கீழ வைக்கல. அப்பா பேப்பர் படிக்கிறாரு.”

“வீடுன்னா அப்படித்தானே.”

“யார் வீடு? நீங்க மாக் மண்டின் பேக்டரில சூப்பர்வைசர். கரண்டி பிடிச்சு எத்தன வருஷமாச்சு?”

“அது எங்க வீடு. கதைன்னா…”

கீழிருந்து வாசுவின் குரல்: “அஞ்சேகால் ஆச்சு. சண்டைய மூட்டை கட்டிட்டு இறங்குங்க.”

“கரண்டிய அப்பாகிட்ட மாத்திடு,” என்றாள் லோகேஸ்வரி, வேறு பக்கம் பார்த்தபடி.

“மாத்தலாம். ஆனா ஆம்பள கரண்டி பிடிச்சு நான் பாத்ததில்ல. பாக்காம எனக்கு வரைய வராதுக்கா.”

லோகேஸ்வரி வீட்டுக்கு வீடியோ அழைப்புப் போட்டாள். திரையில் அவள் கணவர் சிவநேசன், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, கரண்டியத் தூக்கி அப்படியே நில்லுங்க. அசையாதீங்க.”

அவர் நின்றார். குமுதாவின் பென்சில் ஓடியது. லோகேஸ்வரி ஏழாம் பக்கத்தை அடித்து எழுதத் தொடங்கினாள்.

“லோகா, மீன் கறி அடி பிடிக்குது. எதுக்கு நிக்கிறேன்னாவது சொல்லுவியா?”