ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்த நகல்

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். புது ஆபீசில் சேர்ந்த அன்று டீம் லீடர் அவளிடம் ஒப்படைத்த முதல் வேலை, லேப்டாப்பில் ஒரு டேட்டாபேஸை நிறுவிக்கொள்வது. மனநல ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதியதை ஓட்டிப் பார்க்க அவரவர் மெஷினில் ஒன்று வேண்டும்.

நிறுவி முடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. முதலில் ஒரு பழைய பதிப்பு வழிமறித்தது. அப்புறம் பாஸ்வேர்டு மக்கர் செய்தது. ஒருவழியாக ஓட ஆரம்பித்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை, எல்லாம் காலி அட்டவணைகள்.

"உள்ள போட மாதிரித் தகவல் இருக்கா சார்?"

"மாதிரி எதுக்கு? ஆஸ்பத்திரியில ஓடுறதையே நகல் எடுத்து வெச்சிருக்கோம். ஏத்திக்கோ. எல்லாரும் அதைத்தான் வெச்சிருக்காங்க."

ஏற்றினாள். நிஜ மனிதர்களின் பெயர், போன் நம்பர், டாக்டரிடம் சொன்னது எல்லாம் திரையில் மடமடவென்று வந்து இறங்கின.

பக்கத்து சீட்டுக்காரனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர், வாய் ஓயாது என்பதால். நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். "இதுல செம கதையெல்லாம் இருக்கு, பாரு" என்று ஒன்றைத் தேடியெடுத்துக் குரலை மாற்றிப் படித்தான். மனைவி செத்த பிறகு அவளுடைய நைட்டியைப் போட்டுக்கொண்டு தூங்கும் ஒருவர். அழுதுகொண்டே சொன்னார் என்று டாக்டர் எழுதியிருந்தார். அந்த வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. புதிதாகச் சேர்ந்தவள் இல்லையா, அவள் உதடும் ஒரு கணம் இளித்துவிட்டது. உடனே லேப்டாப்பை மூடிவிட்டாள்.

அவளுடைய அண்ணன் வைத்தியத்துக்குப் போவதும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான். அடம் பிடித்தவனை, "நீ சொல்றது நாலு சுவரைத் தாண்டாதுண்ணா" என்று கெஞ்சிக் கூட்டிப்போனவளே அவள்தான்.

டீம் லீடரிடம் போனாள். "பொய்ப் பேரு போட்டு நானே எழுதித் தர்றேன் சார். இதை எல்லா மெஷின்லயும் அழிச்சிடலாம்."

அவர் பேனா மூடியால் காதைக் குடைந்து, அதை முகர்ந்து பார்த்தார். "வந்த அன்னைக்கே ஆரம்பிச்சுட்டியா? நாம என்ன தமுக்கா அடிக்கிறோம்? போய் வேலையப் பாரும்மா."

சாயங்காலம் வீட்டில் அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துருவினான். சொல்லிவிட்டாள்.

"என்னோடதும் இருக்கா?"

"தேடலண்ணா. சத்தியமா தேடல."

"படிச்சுட்டு சிரிச்சாங்களா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. தலையாட்டினாள். அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் ஆஸ்பத்திரி இயக்குநருக்கு நடந்ததை எழுதி அனுப்பினாள். மதியத்துக்குள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து எல்லா மெஷினையும் துடைத்தார்கள். டீம் லீடர் போனில் யாரிடமோ, "ஐயோ, எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க" என்று தேனொழுகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குழைவைக் கேட்க அவளுக்கு உடம்பு கூசியது.

அவள் உட்கார்ந்து இல்லாத மனிதர்களுக்குப் பெயரும் வயதும் நோயும் இட்டுக்கட்டி டேட்டாபேஸை நிரப்பிக் கொடுத்தாள். ரேடியோ திறந்து பார்த்துவிட்டு, "சப்புன்னு இருக்கு" என்றான். அதோடு அவளிடம் யாரும் பேசவில்லை. பேசாததே மேல் என்றிருந்தது.

அண்ணன்தான் அதற்கப்புறம் டாக்டரிடம் போகவில்லை. வேறு டாக்டரை விசாரித்து வைத்திருக்கிறாள். அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான்.