மூன்று தையல்

தனப்பிரியா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மணிமாறன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவளுக்கு சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை. யூ.கே.ஜி. முடித்த மகள் கவிநயாவுக்குக் கோடை லீவு.

"ஏனுங்க, தயிர்சோறு டப்பாவுல வெச்சிருக்கறேன். பாப்பாவ வெயில்ல உடாதீங்க."

"சரி."

அவள் ஒரு கணம் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

மணிமாறன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்தவன். வருஷத்தில் பெரும்பகுதி சத்தீஸ்கர், ஒடிசா என்று வடக்கேதான் கிடப்பான். மாசி மாதம் ராய்ப்பூருக்கு அப்பால் ஒரு வயலில், மேலே தூக்கிய இரும்பு ராடு நழுவி விழுந்து கூட்டாளி ஆண்டி இறந்துபோனான். மணிமாறன் கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தான். ஆம்புலன்ஸில் உடலோடு ஊர்வரை வந்ததும் அவன்தான். வழியில் டீ குடித்தான், பசித்தபோது சாப்பிட்டான். ஆண்டியின் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு கதறியபோது, வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை யாராவது மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்களோ என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

வண்டி முதலாளி கொஞ்ச நாள் ஊரில் இருக்கச் சொன்னார். இருந்தான்.

கவிநயாவுக்குத் தலை பின்னிவிட்டான். ஒரு சடை மேலேயும் ஒரு சடை கீழேயுமாக வந்தது.

"அவுத்துப் பின்னட்டா சாமி?"

"வேண்டாம்பா. இதே நல்லாத்தான் இருக்குது."

பாதியாக அறுத்த நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பிக் குளிக்க விட்டான். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கி எழுந்தாள்.

"எவ்ளோ நேரம் மூச்சு புடிச்சேன், பாத்தியாப்பா?"

"பாத்தேன்."

அவன் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் அது தெரிந்தது. மறுபடி முங்கவில்லை. தானே துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானம் கரண்ட் போய்விட்டது. சுவரைத் தொட்டால் சுட்டது. மணிமாறன் பாயை விரித்துப் படுத்து, நின்றுபோன மின்விசிறியின் இறக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கம் வரவில்லை. எதையும் யோசிக்கவும் இல்லை. பின்பக்கக் கதவு திறந்தது. சற்றுக் கழித்துக் குளியலறைக் குழாய் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. பாப்பா விளையாடுகிறாள் என்று நினைத்தான்.

தண்ணீர் குடிக்கலாமென்று வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தான். சமையலறைத் தரையில் ரத்தமாக ஒரு சின்னப் பாதம் பதிந்திருந்தது. அடுத்து இன்னொன்று. எல்லாமே இடது கால். பின்கதவிலிருந்து குளியலறை வரை போயிருந்தன.

கவிநயா குளியலறை மூலையில் உட்கார்ந்திருந்தாள். தன் அம்மாவின் துப்பட்டாவைக் காலில் சுற்றியிருந்தாள். அது நனைந்து சிவந்து கிடந்தது. உதடு வெளுத்திருந்தது.

"என்ன சாமி ஆச்சு?"

"தொவைக்கிற கல்லுகிட்ட கண்ணாடி குத்திருச்சு. நானே எடுத்துப்போட்டேன்."

"என்னய எதுக்குக் கூப்பிடல?"

"அப்பா படுத்திருந்தா எழுப்பக்கூடாதுன்னு அம்மா சொல்லிருக்குது."

"நான் தூங்கலியே, கண்ணு."

"ஆமா. கண்ணத் தொறந்துதான் வெச்சிருந்த. அப்பவும் எழுப்பக்கூடாது."

அவளை வாரி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினான். நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தான், அடித்துக்கொள்ளவில்லை. கைகால்கள் மட்டும் வேலை செய்தன. பக்கத்து வீட்டுக் கந்தப்பன் பைக்கை எடுத்தான். மணிமாறன் பின்னால் உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டான். நெடுஞ்சாலையில் லாரிகள் கடக்கும்போதெல்லாம் அனல் முகத்தில் அடித்தது.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் தெய்வநாயகி துணியைப் பிரித்துப் பார்த்தார்.

"மூணு தையல் போட வேண்டி வருமுங்க. புள்ளையக் கெட்டியாப் புடிச்சுக்குங்க."

டாக்டர் வந்து மரத்துப்போக ஊசி போட்டார். பிறகு தையல் போட்டார். கவிநயா அழவில்லை. தன் காலையும் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நகங்கள் மட்டும் அவன் மணிக்கட்டில் பதிந்திருந்தன.

"இத்தன தைரியமான புள்ளைய நான் பாத்ததே இல்லீங்க," என்றார் தெய்வநாயகி.

மணிமாறன் மகளைக் குனிந்து பார்த்தான். அசையாமல், ஒன்றுமே இல்லாமல் இருந்தது அந்த முகம். அது அவனுக்குப் பழக்கமான முகம்தான். சவரம் செய்யும்போது தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

"வலிக்குதா சாமி?"

"இல்ல."

"பொய் சொல்லாத. வலிக்குதா?"

அவள் நர்ஸைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அழுதா நீ மறுபடியும் போய்ப் படுத்துக்குவியா?"

"மாட்டேன். அழு சாமி."

அவள் அழுதாள். முதலில் சத்தமே வரவில்லை. வந்தபோது வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். மணிமாறன் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டான். தனக்கும் அழுகை வருமென்று காத்திருந்தான். வரவில்லை. சட்டை நனைந்து தோளில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சூடு மட்டும் தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த தனப்பிரியா, மகளின் காலில் இருந்த கட்டைப் பார்த்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாந்தானுங்க எழுப்பாதன்னு சொன்னேன். நீங்க செத்த நேரமாச்சும் தூங்கோணும்னு."

"எனக்குத் தூக்கமே வர்றதில்ல தனம். மாசியில இருந்து."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆண்டி செத்தப்ப எனக்கு அழுகை வரல. இன்னைக்கு இவ ரத்தத்தப் பாத்தப்பவும் ஒண்ணும் வரல. எனக்கு என்னமோ ஆயிருச்சு."

அவள் அருகில் நகர்ந்து அவன் முழங்காலில் கை வைத்தாள்.

"நாளைக்கு லீவு போட்டர்றேன். எங்க ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல மனசுக்குப் பாக்கற டாக்டரு ஒருத்தரு இருக்காரு. போய்ட்டு வரலாமுங்க."

"போலாம்," என்றான்.

போனார்கள். டாக்டர் நிறையக் கேட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் ஒன்றும் மாறாது, திரும்பத் திரும்ப வர வேண்டும் என்றார்.

தையல் பிரிக்கும்வரை காலை ஊன்றக் கூடாது என்பதால் கவிநயா கட்டிலில் கிடந்தாள். எது வேண்டுமானாலும் அப்பாவைக் கூப்பிட வேண்டும், படுத்திருந்தாலும் கூப்பிட வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் அதை விடாமல் கடைப்பிடித்தாள். தண்ணீருக்குக் கூப்பிட்டாள். தலையணையைத் திருப்பிப் போடக் கூப்பிட்டாள்.

"அப்பா, எறும்பு போகுது பாரு."

எழுந்து வந்தான்.

"ஆமா. போகுது."

"எங்க போகுதுன்னு சொல்லு."

அவன் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. சுவர் ஓரமாக ஒரு பருக்கையை இழுத்துக்கொண்டு போயிற்று. கூடவே நகர்ந்து சமையலறை வரை போனான்.

"சிலிண்டருக்குப் பின்னால பூந்திருச்சு," என்று அங்கிருந்தே சொன்னான்.

"சரி, நீ போய்ப் படுத்துக்க."

அவன் வந்து பாயில் படுத்தான். தலையைச் சாய்ப்பதற்குள் மறுபடி கூப்பிட்டாள்.